அலமாரிக்குள் ஒன்பது வசனம்

அத்தியாயம் பதினான்கு

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூண்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்க்கும்போது கைபேசியைத் தொட மாட்டார்கள். கை தவறினால் ஏழு மாடி ஆழம். கைபேசி போனால் வேறு வாங்கலாம், கூடவே ஆளும் போனால் என்ன செய்வது? பெரியவன் பதினெட்டு வருடமாக அந்தப் பழக்கத்தை மீறியதில்லை. இன்று காலை மீறினான்.

சட்டைப் பையில் அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மா போனதிலிருந்து கைபேசி இரண்டு தடவைக்கு மேல் அதிர்ந்தாலே அவனுக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிடும். எடுத்துப் பார்த்தான். அப்பா இல்லை. ரசிகர் குழுவிலிருந்து நாற்பத்தொரு செய்திகள்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'நீலக்கரை' என்பது இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த ஒரு கணினி சாகச விளையாட்டு. நான்கு பாகம். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு படகுக்காரப் பையன் தீவு தீவாகப் போவான். தயாரித்த கம்பெனி என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது. விளையாடியவர்கள்தான் விடவில்லை. கல்யாணம் ஆகி, தலை நரைத்து, மூட்டுவலி வந்த பிறகும் விடவில்லை. தேசம் தேசமாகச் சிதறிக் கிடக்கும் இரண்டாயிரம் பேர், யாரும் கேட்காமலே, கூலியும் இல்லாமல், அந்த விளையாட்டுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பாகம் முடிந்தாயிற்று. மூன்றாம் பாகத்தின் சோதனைப் பிரதி இன்று விடிந்ததும் இருநூறு பேருக்குப் போயிருந்தது.

அதில் கலங்கரை விளக்கத்தின் காவல்காரியாகப் பேசியவள் பெரியவனின் அம்மா.

அம்மாவிடம் வசனத்தை எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வரும். நிலைமையை மட்டும் சொன்னால் போதும், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள். பத்து வருடத்துக்கு முன், முதல் பாகத்தின்போது, பையன் புயலில் கிளம்புகிறான், வழியனுப்பு என்று பெரியவன் சொன்னான். 'காற்று உனக்குத் துணையாகட்டும்' என்பது மூலத்தில் இருந்த கம்பீரமான வாக்கியம். அதை அம்மா சட்டையே செய்யவில்லை. "ஈரக்காலோட படகுல ஏறாத" என்றாள்.

சுற்றிலும் கடல், ஏறப்போவது படகு, இதில் ஈரக்கால் என்ன, காய்ந்த கால் என்ன? ஆனால் ரசிகர்கள் அந்த ஒரு வரியில் விழுந்தார்கள், விழுந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கடிதத்தின் முடிவில் 'அன்புடன்' போடுவதை விட்டுவிட்டு அதைப் போட ஆரம்பித்தார்கள். அவளுக்கு விளக்கம்மா என்று பெயரும் வைத்தார்கள். ஏழு மாதத்துக்கு முன் அவள் இறந்தபோது, அவள் முகத்தைப் பார்த்தே இராத ஆயிரத்து முந்நூறு பேர் தங்கள் வீட்டில் விளையாட்டைத் திறந்து, படகைக் கலங்கரை விளக்கத்தின் துறையில் கட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க நகர்த்தாமல் வைத்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பெரியவனுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்களே சாயங்காலத்துக்குள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்ட நாள் அது. அவன் உட்கார்ந்து அத்தனை படத்தையும் பார்த்தான்.

இப்போது கூண்டின்மேல் நின்றபடி அவன் படித்த முதல் செய்தி, கடல்நண்டு என்ற பெயரில் எழுதும் ஒரு ரசிகருடையது. நாற்பத்தேழாம் வசனத்தைக் கேட்டு அழுதுவிட்டதாகவும், யார் அந்தப் பல்லுக்காரி என்றும் கேட்டிருந்தார்.

கீழே நாற்பது பேர் அதற்கு விடை சொல்லியிருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் சுறாப்பல் மாலை போட்டுக்கொண்டு வரும் கடற்கொள்ளைக்காரிதான் அவள் என்று ஒரு கட்சி. இல்லை, நான்காம் பாகத்துக்கு வைத்திருக்கிற புதிர் என்று இன்னொரு கட்சி. ஒருவர் ஆதாரத்துக்கு வரைபடமே போட்டிருந்தார்.

விளையாட்டில் பல்லுக்காரி என்று யாரும் கிடையாது. பெரியவன் வீட்டில் உண்டு.

கூண்டை நிறுத்திப் பூட்டிவிட்டு ஏழாவது மாடிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். காதில் மாட்டிக்கொண்டு நாற்பத்தேழைத் தேடிப் பிடித்தான். முதலில் கடல் இரைச்சல். அப்புறம் அம்மா.

"இந்தப் பையன் எத்தன தடவ போனாலும் திரும்பி வந்துடறான், பாரு. நம்ம பல்லுக்காரிதான் வர மாட்டேங்கறா. அவள வரச் சொல்லுடா. அன்னிக்கு நான் கதவத் தொறக்காதது தப்புதான்னு அம்மாவே சொன்னாங்கன்னு சொல்லு."

பின்னால் யாரோ அலைகளின் சத்தத்தை அழகாகச் சேர்த்திருந்தார்கள். தூரத்தில் ஒரு மணியும் அடித்தது.

பல்லுக்காரி அவன் தங்கை. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. யாரோ ஒருவரின் வாய் அச்சை எதிரே வைத்துக்கொண்டு, மெழுகில் பல்லைப் பதித்துச் சுரண்டிச் சீராக்குவாள். இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, திரும்பிப் போய் ஒழுங்காகக் குடித்தனம் பண்ணு என்றாள். பல்லுக்காரி திரும்பித்தான் போனாள், ஆனால் புருஷன் வீட்டுக்கு இல்லை. பல் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் எண்ணைக் கைபேசியில் அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குள் வந்தது அம்மாவைத் தூக்குகிற அன்றுதான்.

ஆக, அம்மா மகளுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் ஒரே வழி பெரியவன். அண்ணனும் தங்கையும் அவ்வப்போது பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அம்மா சொன்னாள். பெரியவன் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் அவகாசம் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவன் சும்மா இருந்தான். பதின்மூன்றாம் நாள் காலையில் அம்மா அடுப்படியில் விழுந்தாள், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

இதாவது தள்ளிப்போட்ட குற்றம். இதற்குமேல் ஒன்று இருக்கிறது. அம்மா அப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள், பெரியவன் தங்கையிடம் பேசிவிட்டான், அவள் வந்துவிடுவாள் என்று. பெரியவனிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பினால் செய்துவிடுவான் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அம்மாவைக் கிடத்தியிருந்த அன்று, பல்லுக்காரி ஓடி வந்து காலடியில் விழுந்து அழுதபோது, அப்பா பெரியவனின் காதோரம் வந்து, பெத்தவ கூப்பிட்டு அனுப்பியும் வராதவ இப்ப எதுக்கு வந்தா என்று கேட்டார். அந்த இடத்தில் பெரியவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றைக்கு நிறுத்திய பேச்சை அப்பா இன்றுவரை மகளிடம் தொடங்கவில்லை. மாதம் ஒரு தடவை அவள் வருவாள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவள் ஒரு மணி நேரம் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவாள். அம்மா சொன்ன பேச்சைக் கேட்காமல் குடித்தனத்தை விட்டு வந்த கோபம் அவருக்கு இன்னும் தணியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஏழு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான்.

படிக்கட்டிலிருந்தே நங்கூரத்தைக் கூப்பிட்டான். நங்கூரம் என்பது குழுவில் ஒலி வேலை பார்க்கும் பெண்ணின் பெயர். வேறு தேசத்தில் ஒரு நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறாள். பத்து வருடமாக அம்மாவின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி விளையாட்டுக்குள் வைத்தவள் அவள்தான். அம்மா எங்கே மூச்சு வாங்குவாள், எந்த எழுத்தில் நாக்கு சுழலும் என்பதெல்லாம் பெற்ற பிள்ளையைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பத்தேழு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டதும் அவள் திகைத்துப் போனாள். நீங்கள் அனுப்பியதுதானே என்றாள்.

அவன் அனுப்பியதுதான். எப்போதும் ஒலிப்பதிவை அவன் முதலில் கேட்டு, வசனங்களை மட்டும் வெட்டி அனுப்புவான். அம்மா போன பிறகு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தான். முதல் இருமலிலேயே நிறுத்திவிட்டான். மொத்தத்தையும் அப்படியே அனுப்பி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டான். அந்தப் பதிவுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அனுப்பிய அன்று அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நங்கூரம் அம்மா பேசிய ஒரு சொல்லைக்கூட வீணாக்கவில்லை. விளக்கம்மா எழுதியதைப் பேசுகிறவள் இல்லை, சொந்தமாகச் சேர்ப்பாள், அந்தச் சேர்ப்பில்தான் அத்தனை பேரும் உயிரை வைத்திருந்தார்கள். அப்படியிருக்க எது வசனம், எது வீட்டுப் பேச்சு என்று அவள் எங்கே பிரித்துப் பார்ப்பாள்? இனிமேல் புதிதாக ஒரு வார்த்தை வரப்போவதில்லை. இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள்.

"எடுத்துடறேன், நீங்க ஒண்ணு சொன்னா போதும்" என்றாள் நங்கூரம். "ஆனா இருநூறு பேர் கேட்டாச்சு. உங்க தங்கச்சிக்கும் காலையிலேயே அனுப்பிட்டேன், பேசிப் பழகிக்கட்டும்னு."

அம்மா முடிக்காமல் விட்ட வசனங்கள் ஒன்பது. தங்கையின் குரல் அம்மாவின் குரல். அவளைக் கேட்கலாமா, கூடாதா என்று பெரியவன் தவித்ததையும் அவள் சரி என்றதையும் போன வாரம் பார்த்தோம். நாலு மணிக்கு அவள் வருகிறாள், இன்றே பதிவு.

அவளைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அச்சில் கை வைத்துவிட்டால் அவள் எடுக்க மாட்டாள். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. ஒன்பது வசனத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருப்பாள்.

மனசு ஒரு வக்கீலைப் போலத் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசும். பெரியவனுடைய மனசு அன்று நாலு மணி வரைக்கும் ஓயாமல் பேசியது. அவள் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவும் பண்ணியது.

அவன் அப்பாவின் வீட்டுக்குப் போனபோது அவர் கணினியின் முன்னால் இருந்தார்.

பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா உயிரோடு இருந்தவரை அந்த விளையாட்டைப் பொம்மை சினிமா என்பார். இப்போது தினமும் மூன்று மணிக்கு முதல் பாகத்தைத் திறந்துவிடுகிறார். அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். படகை வலப்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனால் கலங்கரை விளக்கம் வரும், கதவைத் தட்டினால் காவல்காரி பேசுவாள். பேசி முடித்ததும் மறுபடி ஆரம்பத்துக்குப் போவார். எண்ணெய் வாங்கிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போக வேண்டும் என்று பெரியவன் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டார். அதற்கப்புறம் அவன் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பல்லுக்காரி வந்தாள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். அவள் அவர் முதுகைப் பார்த்து வந்துட்டேம்பா என்றாள். பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது.

அவள் முகத்தில் பெரியவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது. நாள் முழுக்க மெழுகுப் புகையில் உட்காருகிறவளுக்குக் கண் சிவக்காமல் என்ன செய்யும்?

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

முதல் வேலையாகச் சொல்ல வேண்டியதை அவன் இரண்டாவது வேலையாக்கினான்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஆளுயரத் துணி அலமாரி. கீழ்த்தட்டுகளைக் கழற்றிவிட்டு, மேலே கம்பளிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி இருக்காது. இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். கதவைச் சாத்திவிட்டு ஒரு சின்ன விளக்கைப் போட்டுக்கொள்வார்கள். பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவன் தன் இடத்திலிருந்து கிளம்பி வந்து அம்மாவோடு அதற்குள் உட்கார்ந்தான்.

பல்லுக்காரி அம்மா உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே உட்கார வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

முதல் வசனம். பையன் மூன்று வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறான், அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று பெரியவன் நிலைமையைச் சொன்னான்.

"யாரு? சத்தமா சொல்லு, காதுதான் கேக்குது, கண்ணு இல்ல" என்றாள் பல்லுக்காரி.

பெரியவன் கையிலிருந்த தாளில் முதல் வசனத்தை அடித்துவிட்டான். அது அப்படியே அம்மாதான், வார்த்தைக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன எரிச்சல் உட்பட. இவளிடம் இப்போது எதைச் சொல்வது என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்தது என்றான்.

இரண்டாவது முடிந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் தாளைப் பார்த்தான். மூன்றாவதில் பையனைத் திட்ட வேண்டும், திட்டினாள். நாலாவதில் சிரிக்க வேண்டும், சிரித்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றாள். ஐந்து. ஆறு. நன்றாக வருகிறது, பாதியில் கெடுக்கக் கூடாது, ஒன்பதும் முடியட்டும், வெளியே போய் ஆற அமர உட்கார்ந்து சொல்லலாம். மனசு எடுத்துக் கொடுத்தது, அவன் ஏற்றுக்கொண்டான். ஏழு. எட்டு.

"இது கடைசி" என்றான். "அவளுக்கு வயசாயிடுச்சு. விளக்க அந்தப் பையன் கையில குடுத்துட்டுக் கிளம்பறா. எங்க போறீங்கன்னு அவன் கேக்கறான்."

பல்லுக்காரி மேலே தொங்கும் கம்பளியைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். வேண்டுமானால் எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டான்.

"காலையில பஸ்ல கேட்டேன்" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி எதை என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் அவன் ரொம்ப நாள் வெட்கப்பட்டான்.

"எட்டு வசனம் பேசியிருக்கேண்ணா. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ அடுத்தது அடுத்ததுன்னு போய்க்கிட்டே இருக்க."

கம்பளிக்குள் அவள் குரல் தணிந்துதான் கேட்டது. அழவில்லை.

"எப்ப சொன்னாங்க?"

"பன்னண்டு நாளைக்கு முன்னாடி."

"எதுக்கு?"

அவனைச் சொல்ல வைக்காமல் அவள் விடப்போவதில்லை. "அம்மா போறதுக்கு" என்றான்.

பல்லுக்காரி தலையை ஆட்டினாள். கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி உதட்டை அசைத்தாள். பல் கூடத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். பன்னிரண்டு நாளில் அவள் எத்தனை முறை வந்திருக்கலாம்?

"மறந்துட்டியாண்ணா?"

அவள் ஒரு வழியைத் திறந்து விட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மறதியை யாரும் மன்னித்துவிடுவார்கள், அதுவும் அவள் மன்னிக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவன் அந்த வழியில் ஒரு காலை எடுத்துக்கூட வைத்துவிட்டான். ஆனால் அவள் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தைப் பார்த்து அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"மறக்கல" என்றான். "நீ வந்துட்டா அம்மா இதுக்குள்ள வர மாட்டாங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமைன்னா உன்னோட உக்காந்துடுவாங்க. ரெண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கும். எனக்குன்னு அம்மா இருந்தது இந்த அலமாரிக்குள்ளதான். இந்தப் பாகம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவனுக்கே கேட்டது. நாற்பத்தொரு வயதுக்காரன் ஓர் அம்மாவைத் தங்கையோடு பங்கு போட மாட்டேன் என்றிருக்கிறான்.

"இருநூறு பேருக்குச் சொல்லியாச்சு" என்றாள் பல்லுக்காரி. "குழுவுல போய்ப் பார்த்தேன், அவங்கல்லாம் நான் யாருன்னு தேடிக்கிட்டிருக்காங்க. சுறாப்பல் மாலை போட்டவளாம் நான். என்கிட்ட மட்டும் சொல்லல."

அவன் கையை நீட்டினான். அவள் முழங்காலை நகர்த்திக்கொண்டாள். அந்த இடத்தில் நகர்வதற்கு நாலு விரல்தான் இருந்தது, அந்த நாலு விரலும் நகர்ந்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது, தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று மிச்சத்தையும் சொன்னான். அம்மா அப்பாவிடம் சொன்னதை, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று இரண்டு பேருமே நம்பியதை, அழைத்தும் வராதவள் என்று அப்பா ஏழு மாதமாக மகளை வெறுத்துக்கொண்டிருப்பதை.

பல்லுக்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அதுக்கா?" என்றாள். "அதுக்கா அப்பா என்னப் பார்க்கல? நான் குடித்தனம் பண்ணாததுக்குன்னு நெனச்சேன். நீ பக்கத்துலயே இருந்தியே."

"இருந்தேன்."

"சும்மா இருந்த."

"ஆமா."

அப்போதுதான் அலமாரிக் கதவு வெளியிலிருந்து திறந்தது.

அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பால்கனியில் இருந்தவருக்கு உள்ளே மனைவி யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. கதவு வரைக்கும் வந்தவர் போகவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது இல்லாமல் அவருக்கு ஓர் அடிக்கு அப்பால் தெரியாது, அதனால் குனிந்து, மகளின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"உனக்கு யாருமே சொல்லலியாம்மா?" என்றார்.

ஏழு மாதத்தில் முதல் வார்த்தை. அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன் அப்பா என்று எப்படியோ சொல்லி முடித்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மரத்துப்போன காலோடு அவள் தடுமாறினாள், அவரும் தடுமாறினார், இரண்டு பேருமாகக் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள்.

"பன்னண்டு நாளும் உங்கம்மா கதவத் தாழ் போட விடல" என்றார் அப்பா. "பகல்லயும் சரி, தூங்கறப்பவும் சரி. அவ வந்து நின்னா இன்னொரு தடவ தட்டக் கூடாதுன்னா. திருடன் பூந்துடுவான்னு நான் கத்துனேன். வந்தா வரட்டும், நம்ம வீட்டுல என்ன இருக்குன்னா. நான் ராவெல்லாம் முழிச்சுக்கிட்டு, ஒரு நாள் கூட வரலியே இந்தப் பொண்ணுன்னு உன்மேல ஆத்திரப்பட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

பல்லுக்காரி அப்போதுதான் அழுதாள். அம்மாவைத் தூக்கிய அன்று அழுததைவிட மோசமாக, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அப்பா அவள் முதுகில் கையை வைத்தார். தட்டிக் கொடுக்கத் தெரியவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவனுக்கு இந்தத் தாழ்ப்பாள் விஷயம் புதிது. அலமாரிக்குள் இருந்தபடியே கேட்டான். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கிறான். அன்று கதவு தள்ளியதும் திறந்தது. தனக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து உள்ளே போயிருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பல்லுக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரிப் பக்கம் வந்தாள். உள்ளே குனிந்து பார்க்கவில்லை.

"அந்த நாப்பத்தேழ எடுக்கச் சொல்லாத" என்றாள். "அங்கேயே இருக்கட்டும். அது எனக்கு வந்தது. நான் பேசின எட்டையும் அழிச்சிடு. அம்மா சொன்னதக் கேக்காதவ அம்மா குரல்ல பேசக் கூடாதுண்ணா."

கேட்காதது உன் தப்பு இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அவன் மடியில் இருந்த கருவியில் எட்டு வசனங்கள் இருந்தன. அங்கே, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ, விளக்கம்மா மூன்றாம் பாகத்தை முடித்துவிடுவாள் என்று பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாயிரம் பேர். அழிக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தான், எடுத்தான்.

ஹாலில் அப்பா ஏதோ கேட்பதும் அவள் பதில் சொல்வதும் காதில் விழுந்தன. அவர் அவளுடைய சம்பளம், அறை, தண்ணீர் வசதி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகனின் பக்கம் ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பெரியவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் வெளிய வரட்டுமாப்பா?" என்று கேட்டான்.

நாற்பத்தொரு வயது ஆள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்டான். ஹாலில் பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது. பிறகு அப்பா, அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மகளிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.